200 எம்பிபிஎஸ் பிளான், கணினியில் 94 மட்டும்: வீட்டுக்குள் எந்த நெட்வொர்க் கேபிள் போடுவது?

சங்கராபுரத்தில் புது வீடு கட்டிக் குடியேறிய ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். மகனுக்குச் சென்னை நிறுவனத்தில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்கியாயிற்று. கூடத்தில் மோடம் பக்கத்தில் நின்று போனில் வேகத்தைச் சோதித்தால் 200 காட்டுகிறது. மாடி அறையில், சுவர் வழியாக வந்த கேபிளைக் கணினியில் செருகிச் சோதித்தால் 94. மறுநாளும் 94. இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டால், "எங்க லைன் சரியாத்தான் இருக்கு சார், உங்க வீட்டு வயரிங்க பாருங்க" என்று பதில் வருகிறது. சுவருக்குள் பூசி மறைத்த வயரிங்கை இனி எப்படிப் பார்ப்பது?

குடும்பம் கற்பனைதான். ஆனால் அந்த 94 கற்பனை இல்லை. வேகமான இணைப்பு வாங்கிய பல வீடுகளில் தட்டுப்படும் எண் அது. வீடு கட்டும்போது எடுக்கும் சில சின்ன முடிவுகளில்தான் அதற்கான காரணம் இருக்கிறது.

வாசல் வரை வேகம், வீட்டுக்குள் தடை

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அந்தச் சமயத்தில் சிறு நகரங்களில் ஃபைபர் இணைப்பு என்பதே புதுசு. இப்போது நிலைமை வேறு. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் (டான்ஃபிநெட்) செயல்படுத்துகிறது. ஓர் ஊராட்சிக்குக் குறைந்தது 1 ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ் என்பது இலக்கு. கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. இன்னொரு பக்கம், சங்கராபுரம் போன்ற பேரூராட்சிகளில் தனியார் நிறுவனங்களும் உள்ளூர் கேபிள் டிவி ஆபரேட்டர்களும் வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுக்கிறார்கள்.

ஆக, தெருக்கம்பம் வரை, வீட்டு வாசல் வரை வேகம் வந்துவிடுகிறது. அதன் பிறகான 20 மீட்டர்தான் வீட்டுக்காரர் பொறுப்பு. அங்கே ஓடுவது கண்ணாடி இழை அல்ல, செம்புக் கம்பி. எல்லோரும் 'லேன் கேபிள்' என்று சொல்லும் அந்த ஒயரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

94 எங்கிருந்து வருகிறது?

லேன் கேபிளை உரித்துப் பார்த்தால் உள்ளே 8 மெல்லிய கம்பிகள் இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கி 4 ஜோடிகள். பழைய 100 எம்பிபிஎஸ் முறைக்கு 2 ஜோடிகள், அதாவது 4 கம்பிகள் போதும். 1999-இல் தரநிலையாக வந்த 1 ஜிபிபிஎஸ் முறைக்கு 8 கம்பிகளும் வேண்டும்.

எட்டில் ஒன்று அறுந்திருந்தாலோ, முனையில் சரியாகப் பதியாமல் இருந்தாலோ பல நேரம் இணைப்பு முழுசாக நின்றுபோகாது. இரு பக்கக் கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, 'சரி, 100-லேயே ஓடுவோம்' என்று இறங்கிவிடும். அந்த 100-இல் தகவலைப் பொட்டலம் கட்டி அனுப்பும் செலவு போக மிஞ்சுவதுதான் 94, 95. நெட் வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. மாதாமாதம் 200-க்குப் பணம் கட்டிக்கொண்டு பாதியில் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

எனவே 94-ஐப் பார்த்தால் முதலில் செய்ய வேண்டியது, கணினியின் நெட்வொர்க் அமைப்பில் 'லிங்க் ஸ்பீடு' பார்ப்பது. 1000 என்று இருந்தால் கேபிள் சரி. 100 என்று இருந்தால் மூன்றில் ஒன்று காரணம்: கம்பி அறுந்திருக்கிறது, முனை சரியாக அடிக்கவில்லை, அல்லது ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் பெட்டியில் பெரிய எண் அச்சிட்டிருக்கும். அது வைஃபை கணக்கு. பின்பக்கம் உள்ள போர்ட்டுகள் 100-ஐத் தாண்டாது. வாங்கும்போதே 'கிகாபிட் போர்ட் இருக்கா?' என்று கேட்டுவிட வேண்டும்.

வைஃபை இருக்கும்போது கேபிள் எதற்கு?

வயரிங் நடக்கும் வீட்டில் எலக்ட்ரீஷியன் வழக்கமாகச் சொல்வது இது: "இப்பல்லாம் எல்லாம் வைஃபை தாண்ணா. ஒயரு எதுக்கு வீணா?"

பாதி உண்மை. போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை போதும். ஆனால் நம்ம ஊர் வீடு 9 அங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமுமாக இருக்கிறது. வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும்போது மிகவும் பலவீனமாகிவிடும். தூரம் போகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபையோடு இடித்துக்கொள்ளவும் செய்யும். கீழே கூடத்தில் இருக்கும் ரவுட்டரை வைத்து மாடி அறையில் அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொள்வது தினமும் ஒரு சோதனைதான்.

இதற்குத் தீர்வு மாடியில் இன்னொரு வைஃபை கருவி வைப்பது. அந்தக் கருவிக்குக் கீழிருந்து கேபிள் போனால்தான் முழு வேகம் கிடைக்கும். நல்ல வைஃபைக்கே நல்ல கேபிள் தேவை.

5இ, 6, 6ஏ, 7, 8: எதை வாங்குவது?

கேபிளின் மேல் 'கேட்' என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். 'கேட்டகரி' என்பதன் சுருக்கம். எண் கூடக் கூட, கம்பிகள் ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் கலக்காமல் தடுக்கும் திறன் கூடும். முறுக்கு அதற்காகத்தான். தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற அதே உத்தி. நான்கு ஜோடிகளையும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கியிருப்பார்கள்.

கேட் 5இ: 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ். 2016-இல் வந்த தரநிலைப்படி இதிலேயே 2.5 ஜிபிபிஎஸ் வரை ஓட்டலாம். ஏற்கெனவே வீட்டில் நல்ல 5இ கேபிள் இருந்தால் பிடுங்கவே தேவையில்லை.

கேட் 6: 100 மீட்டர் வரை 1, 2.5, 5 ஜிபிபிஎஸ். தூரம் 55 மீட்டருக்குள் இருந்தால் 10 ஜிபிபிஎஸ்ஸும் ஓடும்; பல கேபிள்களை ஒரே கட்டாக இறுக்கினால் இந்தத் தூரம் குறையும். கீழ்த்தளத்திலிருந்து மாடிக் கடைசி அறை வரை எப்படிச் சுற்றினாலும் சாதாரண வீட்டில் 30 மீட்டர் தாண்டாது. ஆக, வீட்டுக்கு இது தாராளம்.

கேட் 6ஏ: 100 மீட்டர் முழுவதும் 10 ஜிபிபிஎஸ். கேபிள் தடிமன் அதிகம், வளைப்பது சிரமம், முனை அடிக்கவும் பழக்கம் வேண்டும். பெரிய அலுவலகம், மருத்துவமனை, கல்லூரிக்கு ஏற்றது.

கேட் 7: கடையில் "இதுதான் லேட்டஸ்ட்" என்று நீட்டப்படும். இந்த வகையை அமெரிக்கத் தரநிலை அமைப்பான டிஐஏ ஏற்கவே இல்லை. சர்வதேசத் தரநிலையில் இருந்தாலும் அதற்கென வகுத்த முனைகள் வேறு. நாம் பார்க்கும் சாதாரண ஆர்ஜே45 முனை மாட்டிய 'கேட் 7' கேபிளில் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. அதன் உலோக உறைக்குச் சரியான எர்த் கொடுக்கவில்லை என்றால் போட்ட காசும் வீண்.

கேட் 8: டேட்டா சென்டர்களுக்காக உருவானது. 25, 40 ஜிபிபிஎஸ் வேகம்; ஆனால் 30 மீட்டர்தான் எல்லை. வீட்டுக்குத் தேவையே இல்லை.

சுருக்கமாக, புது வீடென்றால் கேட் 6. பழைய வீட்டில் நல்ல 5இ இருந்தால் அப்படியே விடலாம்.

கல்யாண வீடியோ கணக்கு

வேகத்தின் அருமை இணையத்தைவிட வீட்டுக்குள் கோப்பு மாற்றும்போதுதான் தெரியும். சிறு ஊர்களில் வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் உண்டு. ஒரு கல்யாணத்தின் பதிவு 50 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அதை அனுப்ப, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏறக்குறைய 1 மணி 10 நிமிடம் ஆகும். 1 ஜிபிபிஎஸ்ஸில் 7 நிமிடம். 2.5 ஜிபிபிஎஸ்ஸில் 3 நிமிடம்.

அப்படியானால் 10 ஜிபிபிஎஸ்ஸில் ஒரு நிமிடத்துக்குள் முடியுமே? கேபிளைப் பொறுத்தவரை முடியும். ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 மெகாபைட் வரைதான் எழுதும். அதற்கே 4 முதல் 6 நிமிடம் வேண்டும். எஸ்எஸ்டி, 10 ஜிபிபிஎஸ் ஸ்விட்ச், அதற்கான கார்டு எல்லாம் இருந்தால்தான் அந்த வேகத்துக்கு அர்த்தம். டிவிக்கு இந்தக் கவலையே வேண்டாம். 4கே படம் ஓட 25 எம்பிபிஎஸ் போதும். பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான்.

செம்பா, செம்பு பூசிய அலுமினியமா?

எத்தனையாவது 'கேட்' என்பதைவிட முக்கியமான கேள்வி இதுதான். பலர் ஏமாறுவதும் இங்கேதான்.

கடையில் ஒரே மாதிரி இரண்டு கேட் 6 பெட்டிகள் இருக்கும். ஒன்று மற்றதைவிட விலை நன்றாகக் குறைவு. அந்தக் குறைந்த விலைக் கேபிளில் பெரும்பாலும் 'சிசிஏ' என்ற மூன்றெழுத்து இருக்கும். அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிசாகச் செம்பு பூசியது என்று பொருள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். சிசிஏ கேபிளை நெட்வொர்க் தரநிலைகள் ஏற்பதில்லை; மேலே 'கேட் 6' என்று அச்சிட்டிருந்தாலும் அது கேட் 6 ஆகாது.

இதனால் என்ன ஆகும்? அலுமினியக் கம்பி எளிதில் ஒடியும். பைப்பில் இழுக்கும்போது ஒரு கம்பி உள்ளுக்குள் ஒடிந்தாலே போதும், 8 கம்பி 7 ஆகி, வேகம் 94-இல் வந்து நிற்கக்கூடும். போட்டபோது நன்றாக ஓடி, இரண்டு வருடம் கழித்து முனையில் துரு ஏறி மக்கர் பண்ணுவதும் உண்டு.

சிசிடிவி போட்டால் தொல்லை இன்னும் அதிகம். இப்போதைய கேமராக்கள் பலவற்றுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. பிஓஇ எனப்படும் இந்த முறையில், அலுமினியக் கம்பி வழியில் மின்னழுத்தத்தை அதிகம் இழக்கும், சூடும் ஏறும். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும்போது அணைந்து அணைந்து எரிந்தால் சந்தேகிக்க வேண்டியவற்றில் கேபிளும் ஒன்று. எந்த நேரத்துக்காகக் கேமரா வைத்தோமோ, அந்த நேரத்தில்தான் அது கைவிடும்.

கடையிலேயே கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் செம்பு உள்ளேயும் செந்நிறமாகவே இருக்கும், சிசிஏ வெள்ளையாகிவிடும். நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினால் அலுமினியம் சட்டென்று ஒடியும். 305 மீட்டர் பெட்டியாக வாங்கினால் தூக்கிப் பார்த்தாலே தெரியும். சிசிஏ பெட்டி லேசாக இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்ப்பது பயன்படாது. செம்பு, அலுமினியம் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. உறையின் மேல் 'பேர் காப்பர்' என்றும், '23 ஏடபிள்யூஜி' என்றும் இருந்தால் நல்லது. இந்த எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும். 'சிசிஏ' என்றிருந்தால் கீழே வைத்துவிடலாம். மீட்டர் கணக்கில் உதிரியாக வாங்கினாலும் உறையைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

கேபிளைவிட முக்கியம் பைப்

நல்ல கேபிள் வாங்கியாயிற்று. அதை எப்படிப் போடுவது என்பது அடுத்த கேள்வி. கேபிளை அப்படியே சுவரில் வைத்துப் பூசிவிடுவது பெரிய தவறு. எலி கடித்தாலோ, ஆணி அடித்தாலோ மாற்ற வழியே இருக்காது. இன்னும் 15 வருடத்தில் வேறு வகைக் கேபிள் தேவைப்பட்டாலும் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

தளம் போடும்போதும், பூச்சு வேலைக்கு முன் சுவரில் காடி எடுக்கும்போதும், நெட்வொர்க்குக்கென்று தனியாக 25 மி.மீ. பிவிசி பைப் போட வேண்டும். ஒரு பைப்பில் இரண்டு மூன்று கேட் 6 கேபிள்கள் தாராளமாகப் போகும். திருப்பங்களில் சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம். நீளமாக வளையும் பெண்டு போட்டால் கேபிள் நசுங்காது. பின்னால் இழுக்க வசதியாக ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிறு விட்டு வைக்கலாம்.

எல்லாப் பைப்பும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். ஃபைபர் மோடமும் ஸ்விட்ச்சும் அங்கேதான் இருக்கும். பக்கத்தில் இன்வெர்ட்டர் வழியாக வரும் பிளக் பாயின்ட் இருக்கட்டும். பிஓஇ ஸ்விட்ச் வைத்தால் மாடி வைஃபையும் கேமராக்களும் அந்த ஒரு பாயின்ட்டில் இருந்தே ஓடும். கரண்ட் போனாலும் கூட்டம் பாதியில் நிற்காது.

எத்தனை பாயின்ட்? வேலை பார்க்கும் அறையில் 2, டிவிக்கு 1, மாடிக் கூரையில் வைஃபை கருவிக்கு 1, கேமரா வைக்கும் மூலைகளுக்குத் தலா 1. நடுத்தர வீட்டில் மொத்தமாக 100 முதல் 150 மீட்டர் கேபிளில் முடிந்துவிடும். வீடு கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. ஆனால் பூச்சு முடிந்தபின் இதே வேலையைச் செய்ய, காடி வெட்டி, பூசி, பெயின்ட் அடிக்க வேண்டும். கேபிள் விலையைப் போல் பல மடங்கு ஆகும்.

கரண்ட் ஒயரோடு சேர்க்கலாமா?

"ஒரே பைப்புல இழுத்துடலாம்ணா, இடம் இருக்கு" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது. வேகம் குறைவது இரண்டாவது பிரச்சினை. மின் ஒயரின் உறை உரிந்து லேன் கேபிளில் பட்டால் 230 வோல்ட் நேராகக் கணினிக்கு, அதைத் தொடும் கைக்கு வரும். தனிப் பைப், தனிப் பெட்டி. இரண்டுக்கும் இடையே ஓர் அடியாவது இடைவெளி. குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

முனை அடிப்பதிலும் கவனம் தேவை. 'பி' முறையில் நிற வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. முனை அருகே முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. அடித்து முடித்ததும் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று வீட்டுக்காரரும் நின்று பார்க்க வேண்டும்.

மோட்டார் கொட்டாய் வரை இழுக்கலாமா?

சங்கராபுரம் பக்கம் கரும்பு, நெல், மக்காச்சோளம் என்று விவசாயம் செய்கிற குடும்பங்களுக்கு இன்னொரு தேவை உண்டு: வீட்டிலிருந்து கொல்லையில் உள்ள மோட்டார் கொட்டாய்க்கு ஒரு கேமரா. இங்கே செம்புக் கேபிள் இரண்டு விதத்தில் சரிப்படாது. ஒன்று, 100 மீட்டர் எல்லை. இரண்டு, இடி மின்னல். பக்கத்தில் மின்னல் இறங்கினால் வெட்டவெளியில் ஓடும் செம்புக் கம்பி அந்த அதிர்ச்சியை வீட்டுக்குள் கொண்டுவந்து ஸ்விட்ச், கணினி, டிவி எல்லாவற்றையும் பொசுக்கிவிடக் கூடும்.

இந்த இடத்துக்குத்தான் கண்ணாடி இழை. ஒளிதான் போகிறது, மின்சாரம் போகாது. உலோகக் கம்பி சேராத ஃபைபர் கேபிளைக் கேட்டு வாங்கி, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் முடிந்தது. இழையை ஒட்டக் கருவி வேண்டும்; ஊரில் ஃபைபர் இணைப்பு கொடுப்பவர்களிடம் அது இருக்கும். ஃபைபரில் மின்சாரம் போகாது என்பதால் கேமராவுக்கான கரண்டைக் கொட்டாயிலேயே எடுக்க வேண்டும். ஒரே வளாகத்தில் அண்ணன் வீடு, தம்பி வீடு என்று இரண்டு கட்டடம் இருந்தாலும் இதே முறைதான் பாதுகாப்பு. வீட்டு வெளிச்சுவரில் செம்புக் கேபிள் போட்டே ஆக வேண்டுமென்றால், வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிள் வாங்க வேண்டும். உள்ளே போடும் சாதாரணக் கேபிள் வெயிலில் சில வருடங்களில் வெடித்துத் தண்ணீர் இறங்கிவிடும்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடா?

சுவரை உடைக்கும் முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. முதலில் ரவுட்டருக்கும் சுவர் பாயின்ட்டுக்கும் நடுவே உள்ள சின்னக் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு இரு முனைகளையும் வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டும். 94 பல நேரம் இங்கேயே 200 ஆகிவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால், பைப்பில் போட்ட கேபிளாக இருந்தால் பழைய கேபிளின் முனையிலேயே புதியதைக் கட்டி இழுத்துவிடலாம். பைப் இல்லையென்றால் பலகை ஓரமாகச் சிறிய பிளாஸ்டிக் கேசிங்கில் கொண்டுபோகலாம். பார்வைக்குக் கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான்.

இன்னும் பூசாத வீடு என்றால் வேலை சுலபம். பூச்சு வேலைக்கு ஆள் வரும் முந்தைய நாள், ஒவ்வொரு பைப்பிலும் நைலான் கயிற்றை இந்த முனையில் இழுத்தால் அந்த முனையில் அசைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியே சுவர்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், எந்தச் சுவரில் எங்கே பைப் போகிறது என்று நாளைக்கு ஆணி அடிக்கும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது.